‘வீட்டிலேயே’ என்ற சொல்லுக்குள் யார்?

“இனி வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.” மருத்துவமனைகளில் நாம் அடிக்கடி கேட்கும் இந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை. யார் செய்வது? சுவரா, கூரையா? மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கு மெய்நிகர் விளையாட்டுகள் வழியே தரப்படும் ‘வீடு சார்ந்த சிகிச்சை’யைப் பற்றி இன்று நிறையப் பேசுகிறார்கள். அவர்கள் சொல்லும் வீடு என்பது அம்மா.

இந்தச் சிகிச்சை பயனற்றது என்று நான் சொல்லவில்லை. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு வளர்வதில்லை. ஆனால் குழந்தை வளர வளரத் தசைகள் இறுகுகின்றன. அதனால் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பப் பழக வேண்டியிருக்கிறது. நூறு முறை கையை நீட்டு என்றால் எந்தக் குழந்தையும் அழும். திரையில் பலூன் பறந்தால் தானாக நீட்டும். 2006இல் வந்த நின்டெண்டோ வீ, 2010இல் வந்த கினெக்ட், பிறகு வந்த ஹெட்செட்டுகள் எல்லாம் இதற்காகத்தான் பரிசோதிக்கப்பட்டன. என் மகளும் சிரித்துக்கொண்டேதான் கையை நீட்டுகிறாள்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருக்கும் வேலையைத்தான் பேச வேண்டும். அரை மணி நேர ஆட்டத்துக்கு நான் கட்டிலை நகர்த்தி இடம் உண்டாக்க வேண்டும். அவளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, பட்டையைக் கட்டி, எச்சிலைத் துடைத்து, இடுப்பு சாயாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் கருவியின் சென்சார் என் கையையும் அவள் கையென்று எண்ணிவிடுகிறது; ஆட்டம் குழம்பிப்போகிறது. அதனால் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து, அதன் கண்ணில் படாமல் பிடித்துக்கொள்கிறேன். நான் தெரியாமல் இருந்தால்தான் கருவி ஒழுங்காக வேலை செய்கிறது.

கருவி எல்லாவற்றையும் எண்ணுகிறது: எத்தனை நிமிடம், எத்தனை பலூன், எந்தக் கை. “இந்த வாரம் பயிற்சி குறைந்திருக்கிறதே அம்மா” என்று சிகிச்சையாளர் கேட்கும்போது அவர் கையில் அந்தக் கணக்கு இருக்கிறது. மாமியாருக்குக் காய்ச்சல், தண்ணீர் வராத நாள், என் முதுகுவலி ஆகியவற்றுக்கு அதில் கட்டம் கிடையாது. குழந்தையின் கையை அளக்க வந்த கருவி அம்மாவின் வருகைப் பதிவேடாக மாறிவிட்டது. அப்பாவிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

‘செலவு குறைவு’ என்பார்கள். யாருக்குக் குறைவு? சிகிச்சையாளரின் நேரத்துக்கு விலை உண்டு, என் நேரத்துக்கு இல்லை. அதனால்தான் கணக்கு மலிவாக வருகிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குக் கொடுக்கிறாள், ஆண் 97. அந்த 299இன் மேல்தான் இந்தச் சிகிச்சையும் ஏறி உட்காருகிறது. நான் கணித ஆசிரியை வேலையை விட்டபோது எவரும் அதைச் செலவென்று எழுதவில்லை.

“உன் பிள்ளைக்குத்தானே செய்கிறாய்?” என்று நம் வாயை அடைப்பார்கள். என் மகள் எனக்குச் சுமையல்ல. அவள் பெயரைச் சொல்லி என் ஒருத்தி தலையில் ஏற்றப்படும் வேலைதான் சுமை. அவளுக்கும் இதில் இழப்பு உண்டு: விளையாட்டு வீட்டுப்பாடமாகிவிட்டது, அம்மா பயிற்சியாளராகிவிட்டாள்.

நமக்கு முன்னால் இருந்த அம்மாக்கள் வேறு வழியைக் காட்டியிருக்கிறார்கள். மூளை முடக்குவாதம் உள்ள மகளின் தாயான மிது ஆலூர் 1972இல் பம்பாயிலும், அதே நிலையிலுள்ள மகனின் தாயான பூனம் நடராஜன் 1985இல் சென்னையிலும் அமைப்புகளைத் தொடங்கினார்கள். சென்னையில் தொடங்கியதுதான் இன்றைய வித்யாசாகர். அடைபட்ட வீட்டிலிருந்து இந்த வேலையை வெளியே கொண்டுவந்து, பலர் பகிரும் பொதுப்பணியாக மாற்றினார்கள். அதைத் திரும்பவும் வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவதை முன்னேற்றம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கருவி வரட்டும், ஆளும் வரட்டும். இயன்முறை சிகிச்சையாளர் வீடு தேடி வர முடியும் என்பதை 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தமிழ்நாட்டுக்குக் காட்டியிருக்கிறது. அதிக ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவது பற்றி, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 24ஆம் பிரிவில் பேசுகிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு இங்கே தரப்படும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். ஒரு நாளுக்கு 67 ரூபாய்கூட இல்லை. குழந்தையின் தேவைக்கே போதாத அந்தப் பணத்தில் பராமரிப்பவளின் கூலி எங்கே இருக்கிறது?

பராமரிப்பவளுக்குத் தனியாகக் கூலி கொடுங்கள். பயிற்சி வகுப்புக்கு அப்பாவையும் கட்டாயம் அழையுங்கள். ஆய்வு செய்பவர்கள் குழந்தை ஆடிய நிமிடங்களுக்குப் பக்கத்தில் அம்மா உழைத்த நிமிடங்களையும் எழுதுங்கள். “இன்று முடியாது” என்று ஒரு தாய் சொன்னால், அதைக் குற்றமாகக் குறிக்காத கட்டம் ஒன்றும் அந்தத் திரையில் இருக்கட்டும்.