தோற்றவர் அழலாமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவி)

வென்றவரை உலகம் போற்றும், தோற்றவரை மறந்துவிடும். இது பழைய கதை. ஆனால், தோற்று அழுததற்காகவே உலகம் நினைவில் வைத்திருக்கும் ஒரு வீராங்கனை உண்டு. அவர்தான் செக் நாட்டின் யானா நோவோட்னா.

1993 விம்பிள்டன் டென்னிஸ் இறுதிப் போட்டி. எதிரே ஜெர்மனியின் ஸ்டெஃபி கிராஃப். மூன்றாவது செட்டில் 4-1 என முன்னணியில் இருந்தார் நோவோட்னா. இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் 5-1. அந்த நேரத்தில் அவருடைய இரண்டு சர்வீசும் தவறின. அதன்பின் தொடர்ந்து ஐந்து கேம்களை இழந்து 6-4 எனத் தோற்றார். பரிசளிக்க வந்த கென்ட் கோமகளின் தோளில் சாய்ந்து அழுதார். அந்தப் படம் உலகெங்கும் பரவியது.

‘திறமை உண்டு, நெஞ்சுரம் இல்லை’ என்றனர் பலர். நான் இதை ஏற்கவில்லை. சர்வீஸ் அடித்தவுடன் வலையை நோக்கி ஓடிவந்து, பந்தைத் தரையில் விழவிடாமல் திருப்பி அடிப்பது அவரது ஆட்டமுறை. துணிந்தவர்க்கே உரிய ஆட்டம் அது. நெஞ்சுரம் இல்லாதவர் கிராஃபிடமிருந்து இரண்டாவது செட்டை 6-1 எனப் பறித்திருப்பாரா?

1997-இல் மீண்டும் இறுதிக்கு வந்தார். முதல் செட்டை வென்றும், 16 வயது மார்ட்டினா ஹிங்கிஸிடம் தோற்றார். 1998-இல் மூன்றாம் முறையாக வந்து, பிரான்சின் நத்தாலி தோசியாவை 6-4, 7-6 என வென்றார். அப்போது அவருக்கு வயது 29. அதே கோமகளின் கையால் பரிசு பெற்றார். 1999-இல் ஓய்வு பெற்ற அவர், 2017-இல் புற்றுநோயால் காலமானார்.

1998-இன் வெற்றிதான் 1993-இன் கண்ணீரைத் துடைத்தது என்பார்கள். என் கருத்து வேறு. மூன்றாம் முறையும் தோற்றிருந்தாலும் அவர் பெரியவரே! ஊரறிய அழுத அதே திடலுக்குத் திரும்பி வந்தாரே, அதுவன்றோ நெஞ்சுரம்!

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் பருவத்தில் கணிதத் தாளில் தவறியபோது யாருக்கும் தெரியாமல் அழுதேன். ‘படித்தது போதும்’ என்றார்கள் உறவினர்கள். மறுபடியும் அதே தேர்வுக் கூடத்தில் போய் அமர்ந்தேன். இம்மலர் அச்சுக்குப் போகும்வரை முடிவு வரவில்லை. எதுவாயினும் நான் வெட்கப்படப் போவதில்லை.

நண்பர்களே! தோற்றவர் அழலாம். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே இடத்திற்குத் திரும்பி வருவோம்!