சுவரோரத் திண்ணை

சென்ற திங்கள் வாடகை ஒப்பந்தம் எழுதும் முறையைப்பற்றி இப்பகுதியில் எழுதியிருந்தேன். இத்திங்கள் அந்த வாடகை வீட்டிற்குள்ளேயே நுழைவோம்.

வீட்டிற்குள் நுழைந்தவர் முதலில் தேடுவது உட்கார ஓர் இடத்தை. நம் ஊர்ப் பழைய வீடுகளில் அந்தத் தேடலே இல்லை. வாசற்படியின் இருபுறமும் திண்ணை இருந்தது. வழிப்போக்கர் அதில் இளைப்பாறினார். பெரியவர் பகலெல்லாம் அங்கே அமர்ந்து தெருவைப் பார்த்தார். பள்ளிக்கூடமே திண்ணையில்தான் நடந்தது, உ. வே. சாமிநாதையர் போன்ற பெரும்புலவர்களும் இளமையில் கற்றது திண்ணைப் பள்ளிக்கூடங்களிலேதான். கன்னட நாட்டாரும் இதனை ஜகலி என்று பெயரிட்டு வைத்திருக்கின்றனர். நாற்காலியை எவரும் இழுத்துப் போடலாம். திண்ணையை இழுக்க முடியாது. ஆகையால் அதில் அமர்ந்தவரையும் ‘சற்றே நகருங்கள்’ என்று எவரும் சொல்வதில்லை. திண்ணையின் பெருமை அதன் குளிர்ச்சியில் பாதி, இதில் பாதி.

ஈஜிபுராவில் நாம் குடியிருக்கும் வீடுகள் எத்தகையவை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெருவை ஒட்டிப் படிக்கட்டு. படிக்கட்டை ஒட்டிக் கதவு. கதவைத் திறந்தால் ஒரு கூடம். எங்கள் கூடம் 10 அடிக்கு 12 அடி. அதற்குள்ளேயே உணவு, படிப்பு, தொலைக்காட்சி, விருந்தினர், இரவில் உறக்கம்.

தாயார் காலமான பின், திருப்பத்தூர்ப் பக்கத்துச் சிற்றூரில் தனியே இருந்த என் தந்தையாரை இங்கே அழைத்து வந்தேன். அவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினேன். குழந்தை குளிக்கப் போனால் நாற்காலி நகர வேண்டும். என் மனைவி துணி உலர்த்த மாடிக்குப் போனால் நகர வேண்டும். பால்காரர் வந்தால் நகர வேண்டும். ஒவ்வொரு முறையும் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுவார். நாற்காலியைத் தாமே தூக்கி ஓரமாக வைப்பார். நாற்பது நாட்கள் இப்படிச் சென்றன. ஒரு நாள் மாலை நான் வேலையிலிருந்து திரும்பியபோது, தம் பையை மடித்துக் கட்டி வைத்திருந்தார்.

“தம்பி, எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. மருமகள் தங்கமானவள். ஆனால் நான் எங்கே உட்கார்ந்தாலும் யாருக்காவது வழியில் இருக்கிறேன். ஊருக்கே போய்விடுகிறேன்” என்றார்.

“ஒரு மாதம் பொறுங்கள், அப்பா” என்று மட்டும் சொன்னேன். என்ன செய்யப் போகிறேன் என்பது அப்போது எனக்கே தெரியாது.

அன்றிரவு எனக்கு நினைவுக்கு வந்தது திருவனந்தபுரம். தம்பானூரில், ரயில் நிலையத்தை அடுத்து, இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. சுருள் வடிவில் எழும் செங்கற் கட்டடம் அது. இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து, 1945-இல் இந்தியாவுக்கு வந்து, 2007-இல் மறையும் வரை கேரளத்தில் எளிய வீடுகளைக் கட்டிய லாரி பேக்கர் அதனை அமைத்தார். உள்ளே தளம் சரிவாகச் சுற்றிச் சுற்றி மேலேறுகிறது. மேசையும் இருக்கையும் கட்டடத்தோடு கட்டடமாக அமைந்துள்ளன. அத்தனை குறுகிய இடத்தில் அத்தனை பேர் எப்படி அமர்கின்றனர் என்று அங்கே காபி குடிக்கும்போது வியந்திருக்கிறேன். காரணம் எளிது. நாற்காலிக்கு அதன் இடம் மட்டும் போதாது. பின்னால் இழுப்பதற்கு இன்னோர் இடம் வேண்டும். சுவரோடு ஒன்றிய இருக்கைக்கு அந்த இரண்டாவது இடம் தேவையில்லை. எங்கள் கூடத்திலும் சன்னலின் கீழே சுவரோரமாக ஒரு திண்ணை போட்டால் என்ன?

தச்சரிடம் சென்றேன். இராஜஸ்தானத்திலிருந்து பெங்களூருக்கு வந்து குடியேறியவர். நம்மைப் போலவே புலம்பெயர்ந்தவர். நான் கைகளை விரித்து அளவு காட்டினேன். “படம் கொண்டு வாருங்கள்” என்று இந்தியில் சொல்லி அனுப்பிவிட்டார்.

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் கணிப்பொறியில் வழி காட்டினாள். ஸ்கெட்ச்அப் என்பது கட்டடப் படம் வரையும் மென்பொருள். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் உருவாகி 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2006-இல் கூகுள் நிறுவனத்திடமும், 2012-இல் டிரிம்பிள் நிறுவனத்திடமும் சென்றது. இணையத்திலேயே இயங்கும் இலவசப் பதிப்பு ஒன்று உண்டு. வீட்டு வேலைக்கு அதுவே போதும். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கோடுகள் நீளம், அகலம், உயரத்தைக் காட்டும். தரையில் ஒரு செவ்வகம் வரைந்து, புஷ்-புல் என்னும் கருவியால் மேலே இழுத்தால் அது பெட்டியாக எழுந்து நிற்கும். இழுக்கும்போதே எண்ணைத் தட்டினால் அந்த அளவிலேயே நிற்கும். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கை வந்தது. உங்களுக்கும் வரும்.

ஆனால் நான் செய்த பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். அவற்றால் உங்களுக்கு நேரம் மிஞ்சும்.

முதற்பிழை: சுவரை வரைந்து, அதன்மேலேயே திண்ணையையும் வரைந்தேன். திண்ணையை ஓர் அங்குலம் நகர்த்தினால் சுவரும் கோணிக்கொண்டு கூடவே வந்தது. இம்மென்பொருளில் ஒன்றையொன்று தொடும் பரப்புகள் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பொருளையும் வரைந்தவுடனே ‘குரூப்’ செய்து தனியாக்கிவிட வேண்டும். வாடகை வீட்டில் இருப்போருக்கு இது மெய்யான வேலைக்கும் நல்ல பாடம். சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் இசையமாட்டார். வீட்டைக் காலி செய்யும் நாளும் ஒரு நாள் வரும். ஆகவே பார்வைக்குச் சுவரோடு ஒன்றியதாகவும், உண்மையில் மூன்றடி நீளமுள்ள இரண்டு தனிப் பெட்டிகளாகவும் அமைத்தேன். இரண்டையும் திருகாணியால் இணைத்தால் ஆறடித் திண்ணை. திருகாணியைக் கழற்றினால் வண்டியில் ஏறிவிடும்.

இரண்டாவது பிழை பெரிது. இம்மென்பொருளைத் திறந்தவுடன் வெற்றுத் தரையில் ஓர் ஆள் உருவம் நிற்கும். வரைவது எவ்வளவு பெரியது என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்த உருவம் அது. இடைஞ்சலாக இருக்கிறது என்று எண்ணி முதல் வேலையாக அதை அழித்தேன். பின்பு இணையத்தில் கண்ட அயல்நாட்டு மாதிரியைப் பார்த்து, 20 அங்குல உயரத்தில், மேற்பலகையைத் தூக்கிப் பொருள்களை வைக்கும்படி, அழகான ஒரு திண்ணை வரைந்தேன். மனைவியை அழைத்துப் பெருமையோடு காட்டினேன்.

அவள் சிறிது நேரம் பார்த்தாள். “பாயை எடுக்க வேண்டுமென்றால் மாமா எழுந்திருக்க வேண்டுமா?” என்று கேட்டாள்.

நான் வாயடைத்துப் போனேன். நாற்காலியை ஒழித்துவிட்டு, அதே துன்பத்தை மரத்தில் செய்து வைக்க இருந்தேன்! படத்தில் பலகை இருந்தது, மெத்தை இருந்தது, சன்னலின் வெளிச்சம்கூட இருந்தது. உட்காரப் போகிறவர் இல்லை. ஆளை நான்தானே அழித்தேன்.

அளவு என்பது ஏட்டிலிருந்து வருவதன்று, ஆளிடமிருந்து வருவது. சண்டிகர் நகரை வகுத்த லெ கொர்புசியே, மனித உடலை அடிப்படையாகக் கொண்டு ‘மாடுலர்’ என்னும் அளவுமுறையை உண்டாக்கினார். முதலில் 175 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதரை வைத்தார். பின்னர் அதை 183 ஆக்கினார். என் தந்தையார் 163 சென்டிமீட்டர். அந்த மனிதருக்குப் பொருந்திய இருக்கை இவருக்கு எப்படிப் பொருந்தும்? நம் நாட்டு உடலளவுகளைத் தொகுத்துத் தேவ்குமார் சக்ரவர்த்தி எழுதிய நூலொன்றை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-இல் வெளியிட்டிருக்கிறது. பலருக்கு வேலை செய்வோர்க்கு அது வேண்டும். நமக்கு வேண்டியவர் நம் வீட்டிலேயே இருக்கிறார். ஓர் அளவுநாடா போதும்.

மறுநாள் அவரை அளந்தேன். தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை 15½ அங்குலம். இருக்கை அதைவிட மிக உயர்ந்தால் கால் தொங்கி மரத்துப்போகும். மிகத் தாழ்ந்தால் முழங்கால் நோயுள்ளவர் எழ முடியாது. சரியான உயரம் காண ஒரு முக்காலியின்மேல் நம் சங்கத் திங்களிதழின் பழைய இதழ்களை ஒவ்வொன்றாக அடுக்கி, அவரை அமர்ந்து எழச் சொன்னேன். 16½ அங்குலம் வந்தபோது, கையூன்றாமல் எழுந்து, “இதுதான்” என்றார். நம் இதழ்கள் இந்த வகையிலும் பயன்பட்டன!

ஆழம் கண்டதில் இன்னொரு சிக்கல். காலைத் தொங்கவிட்டு அமர 17 அங்குலம் போதும். ஆனால் அவர் திண்ணையில் பழகியவர். சம்மணமிட்டு அமர்வார், நண்பகலில் சாய்வார். அதற்கு 24 அங்குலம் வேண்டும். ஆழத்தை 24 என்றே வைத்து, முதுகுப்புறம் ஏழு அங்குலத் திண்டு ஒன்றை வைத்தோம். திண்டு இருந்தால் நாற்காலி, எடுத்தால் திண்ணை.

திருக்கோவலூர் இடைகழியில் முதலாழ்வார் மூவர் கூடிய கதையை நீங்கள் அறிவீர்கள். மழையிருளில் வந்தவர்களுக்கு அந்தச் சிறு இடத்தில் ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்பது வழிவழி வந்த வழக்கு. எத்தனை அடி என்று எவரும் சொல்லவில்லை. மனிதரைக் கொண்டே இடத்தை அளந்தனர். நாங்கள் பணிபுரியும் ரயிலின் பெட்டியிலும் அதே கணக்குதான்: கீழ்ப்படுக்கை பகலில் மூவர் அமரும் இருக்கை, இரவில் ஒருவர் படுக்கை. எங்கள் ஆறடித் திண்ணையையும் இக்கணக்கிலேயே முடித்தேன்.

மேற்பலகையைத் தூக்கும் ஏற்பாட்டை விட்டு, முன்புறம் சிறு கதவுகள் வரைந்தேன். வாசற்கதவு உட்புறம் திறக்கும் வட்டத்தையும் வரைந்து, திண்ணை அதற்கு வெளியே நிற்கிறதா என்று பார்த்தேன். சுவரிலுள்ள மின்சாரப் பிளக்கை மூடாதபடி பின்பலகையில் ஒரு துளை விட்டேன். படத்தில் சுவர் நேராக இருக்கும். மெய்ச்சுவர் அப்படி இருப்பதில்லை. தரையோரம் ஓரளவும், இடுப்பளவில் வேறோரளவுமாக முக்கால் அங்குலம் வேறுபட்டது. ஆகையால் சுவரை ஒட்டி ஓர் அங்குல இடைவெளி விட்டு, மேலே மெல்லிய மரப்பட்டையால் மறைத்தோம். மழைக்காலத்து ஈரம் பலகையில் ஏறாமலிருக்கவும் அவ்விடைவெளி உதவும். ஈஜிபுராவின் தாழ்ந்த தெருக்களில் கீழ்த்தளத்தில் குடியிருப்போர் பெட்டியின் அடியில் இன்னும் சற்று உயரம் கொடுப்பது நன்று.

படத்தோடு தச்சரிடம் மீண்டும் சென்றேன். இம்முறை அவருக்கு என் இந்தி தேவைப்படவில்லை, படமே பேசிற்று. முன்பு மூன்று பலகை ஆகும் என்றவர், ஒவ்வொரு துண்டையும் 8 அடிக்கு 4 அடிப் பிளைவுட்டின்மேல் பரப்பிக் காட்டியதும் இரண்டு போதும் என்று ஒப்பினார். ஆனால் உடனே சிரித்தார். நாலடி அகலப் பலகையில் 24 அங்குலத் துண்டுகள் இரண்டு வராதாம். வாள் தின்னும் தூளுக்கு யார் இடம் விடுவது? ஆழத்தை 23¾ ஆகக் குறைத்தோம்.

பின்பு அவர் தம் பணிமேசையின் விளிம்பில் அமர்ந்து, எழுவதுபோலக் காட்டினார். எழும்போது நாம் பாதத்தை இருக்கைக்கு உள்ளே இழுத்துக்கொண்டுதான் எழுகிறோம். நான் வரைந்த பெட்டியின் முன்பலகை தரைவரை நேராக இறங்கியது. பாதம் போக இடமில்லை. அடியில் மூன்றங்குல உயரத்துக்கு நான்கங்குலம் உட்புறம் தள்ளிப் பீடம் அமைக்கச் சொன்னார். கணிப்பொறி இதைச் சொல்லவில்லை. நாற்பதாண்டு மரத்தோடு வாழ்ந்தவர் சொன்னார்.

திண்ணை வந்து ஐந்து திங்கள் ஆகின்றன. காலையில் தந்தையார் சன்னலோரம் சம்மணமிட்டு அமர்கிறார். குழந்தை அவர் காலடியைக் கடந்து குளிக்கப் போகிறாள், பாய் வருகிறது, போகிறது, அவர் அசைவதில்லை. மாலையில் எதிர்வீட்டுக் கன்னடப் பெரியவர் வந்து அருகே அமர்கிறார். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பாதிதான் விளங்கும். அது போதுமென்று இருவரும் இருக்கின்றனர்.

சென்ற வாரம் ஊர்த் திருவிழாவுக்கென்று தந்தையார் பையைக் கட்டினார். என் நெஞ்சு ஒரு கணம் திடுக்கிட்டது. “எப்போது திரும்புவீர்கள், அப்பா?” என்று கேட்டேன்.

“திங்கட்கிழமை. என் இடத்தில் பழைய துணி எதையும் அடுக்கி வைத்துவிடாதீர்கள்” என்றார்.

அன்பர்களே, நீங்களும் படம் வரைய அமர்ந்தால், தரையில் நிற்கும் அந்த ஆளை அழிக்காதீர்கள். அவர் இருக்கும் இடத்தில் உங்கள் வீட்டுப் பெரியவரை அமரவைத்துவிட்டுப் பின்பு பலகையை வரையுங்கள்.