பெயர்ந்தோரும் பெயர்க்கப்பட்டோரும்: கொழும்பு நகரின் சனத்தொகை பற்றிய ஒரு நோக்கு

கொழும்பு மாநகரின் இடர்கள் பற்றிப் பேசப்படும் போதெல்லாம் ஒரு விளக்கம் தவறாது முன்வைக்கப்படுகின்றது. வெளியிடங்களிலிருந்து மக்கள் வந்து குவிவதனால் நகரம் நிரம்பி வழிகின்றது. வீடின்மை, நெரிசல், சுகாதாரக் கேடு யாவும் அதன் விளைவே என்பது அவ்விளக்கம். நிருவாகிகளும் பத்திரிகைகளும் மட்டுமன்றிக் கற்றோரிற் பலரும் இதனை நிறுவப்பட வேண்டாத உண்மையாகக் கொள்கின்றனர். இவ்வெடுகோள் தவறானது. அதனால் நன்மை பெறுவோரும் உளர்.

முதலிற் குடிசன மதிப்பீடுகளை நோக்குதல் வேண்டும். 1901இல் ஏறத்தாழ 155,000 ஆகவிருந்த மாநகரசபை எல்லையின் சனத்தொகை 1931இல் 284,000 ஆயிற்று. துறைமுகமும் புகையிரதமும் தோட்டப் பயிர் வாணிபமும் தொழிலாளரை வேண்டி நின்ற காலம் அது. 1971இல் இத்தொகை 562,000ஐ எட்டியது. அதன் பின்னரோ வளர்ச்சி தளர்ந்தது. 1971க்கும் 1981க்கும் இடையில் நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ 17 வீதத்தால் உயர, நகரினது 5 வீதத்தைத்தானும் எட்டவில்லை. 2001இல் 642,000 எனப் பதிவாகிய தொகை 2012இல் 561,000 ஆகக் குறைந்தது. நாற்பதாண்டுகளில் நாட்டின் சனத்தொகை ஒன்றரை மடங்குக்கு மேலாகப் பெருகியிருக்க, தலைநகர் எனப்படும் இந்நகரில் வாழ்வோர் தொகை 1971இல் இருந்த நிலையிலேயே நின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

வளர்ச்சி நிகழாமலில்லை, அது நகரெல்லைக்கு வெளியே நிகழ்ந்தது. மகரகமை, கடுவலை, ஹோமாகமை ஆகிய பகுதிகளும் கம்பஹா மாவட்டமுமே பெருகின. 2024ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் கம்பஹா மாவட்டம் கொழும்பு மாவட்டத்தையே விஞ்சிவிட்டது. நகரின் தெருக்களிற் காணப்படும் நெரிசல் பொய்யன்று. ஆனால் அது நகரில் உறங்கி எழுவோரால் மட்டும் உண்டானதன்று. நகரில் நிலம் வாங்கவோ வாடகை கொடுக்கவோ இயலாது தொலைவிற் குடியேறி, காலையில் வந்து மாலையில் மீளும் பெருந்தொகையினரும் அவர்தம் வாகனங்களும் சேர்ந்து உண்டாக்கும் நெரிசல் அது.

ஆகவே ஆராயப்பட வேண்டியது நகருக்குள் எத்தனைபேர் வந்தனர் என்பது மட்டுமன்று. நகருக்குள்ளேயே எவர் எங்கிருந்து எங்கு சென்றனர், தாமே சென்றனரா, அனுப்பப்பட்டனரா என்பனவும் ஆராயப்படல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூற்றில் துறைமுகம் விரிந்தபோது முகத்துவாரம், கொட்டாஞ்சேனை ஆகிய வடபகுதிகளில் மாளிகை கட்டி வாழ்ந்த செல்வர் தெற்கே கொள்ளுப்பிட்டிக்கும் கறுவாத்தோட்டத்துக்கும் பெயர்ந்தனர். அவர்கள் விட்டகன்ற வளவுகளில் வரிசை வீடுகள் எழுந்தன. துறைமுகத் தொழிலாளர் அவற்றில் நெருக்கியடித்து வாழ்ந்தனர். செல்வர் பெயர்ந்ததை எவரும் பிரச்சினை என்று கூறவில்லை. அவர்கள் விட்ட இடத்தை நிரப்பியோரே பிரச்சினையாயினர்.

‘வந்தேறி’ என்னும் சொல்லும் இவ்வாறே தேவைக்கேற்ப எடுத்தாளப்பட்டது. 1923இன் பொது வேலைநிறுத்தத்துக்குத் தலைமைதாங்கிய ஏ. ஈ. குணசிங்கவே 1930களின் பொருளாதார மந்தத்தின்போது நகரின் மலையாளித் தொழிலாளருக்கெதிரான கிளர்ச்சிக்கு முன்னின்றார். வேலை இன்மைக்குக் காரணம் முதலாளித்துவ நெருக்கடியன்று, பக்கத்து வரிசை வீட்டிலிருப்பவனே என்று தொழிலாளி நம்பவைக்கப்பட்டான். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பின் விடுதிகளிலே தங்கியிருந்த 376 தமிழர், நகரில் இருப்பதற்குத் தக்க காரணமில்லை எனக் கூறப்பட்டு, பேருந்துகளில் ஏற்றி வடக்கு, கிழக்கு நோக்கி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இச்செயலை இடைநிறுத்தியது. ஒரு பிரசை தன் நாட்டின் தலைநகரில் இருப்பதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்ற நினைப்பு, ‘நகர் நிரம்பி வழிகின்றது’ என்ற கூற்றிலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியிலிருந்த வீடுகள் படையினர் சூழ இடிக்கப்பட்டன. பின்வந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெமட்டகொடை, வனாத்தமுல்லை முதலிய இடங்களிலெழுந்த அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. இவர்களுட் பலர் உறுதியோ அனுமதிப் பத்திரமோ உடையவர். தலைமுறைகளாக அங்கு வாழ்ந்தவர். முற்றத்தில் இடியப்பம் அவித்து விற்றவளுக்குப் பத்தாம் மாடியில் முற்றமேது? வாடிக்கையாளர் ஏது? மாதத் தவணை மட்டும் தவறாது வந்தது. வெறுமையாக்கப்பட்ட நிலமோ வணிக முதலீட்டுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று பேரை வாவியின் அயலில் எழுந்து நிற்கும் சொகுசு மாடிகளும் சனநெருக்கத்தைக் கூட்டுவனவே. ஆயினும் அவற்றை எவரும் ‘நெரிசல்’ என்பதில்லை.

இவ்விடயத்தில் தமிழ் மத்தியதர வர்க்கமும் தன்னை வினவிக்கொள்ளல் வேண்டும். 1983இல் கொழும்பிலிருந்து துரத்தப்பட்டுக் கப்பலேறியோரும், பின்னர் போரினால் வடக்கிலிருந்து ஓடிவந்தோரும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புகலடைந்தனர். இடம்பெயர்தலின் துயரை அறிந்த சமூகம் இது. ஆயினும் வெளிநாட்டுப் பணத்தில் மாடிவீடு வாங்கியோருட் சிலர், மலையகத்திலிருந்து கடைச் சிப்பந்தியாகவும் வீட்டுப் பணியாளாகவும் வந்தவரையும், கால்வாயோரக் குடியிருப்பாளரையும் நகரின் அழுக்கெனப் பேசுவதுண்டு. ஒருகாலத்தில் தம்மீது வீசப்பட்ட சொல்லையே அவர்கள் பிறர்மீது வீசுகின்றனர்.

புவியியலும் சமூகவியலும் கற்போருக்கு இங்கு ஒரு பொறுப்பு உண்டு. பலவந்தமாக அகற்றப்பட்டவரையும் விரும்பிச் சென்றவரையும் ‘குடிப்பெயர்வு’ என்ற ஒரே தலைப்பின்கீழ் அட்டவணைப்படுத்துதல் நடுநிலையான ஆய்வாகாது. அகற்றியவரின் கணக்கை எழுதிக்கொடுத்தலேயாகும். கொழும்பின் பிரச்சினை சனப்பெருக்கம் அன்று, நிலம் எவர் கையில் என்பதே. அக்கேள்வியைத் தொடாத நகரத் திட்டம் எதுவாயினும், ஏழைகளை ஒரு வட்டாரத்திலிருந்து மறு வட்டாரத்துக்குப் பெயர்த்துக்கொண்டேயிருக்கும்.