அடிமைத்தனம் ஒழிந்துவிட்டதா?

நம் சங்கத்தின் சுதந்திர தினக் கூட்டத்தில் ஒரு நண்பர், "அடிமைத்தனமெல்லாம் சரித்திரப் பாடத்தோடு சரி" என்று பேசினார். என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

1988-ல் மத்தியப் பிரதேசத்தில் இரட்டைப் பாதை வேலை. ஜல்லிக் குவியல்களை டேப் பிடித்து அளந்து மெஷர்மென்ட் புக்கில் எழுதுவது என் பொறுப்பு. குவாரியில் ஒருவன் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கல் உடைத்துக்கொண்டிருந்தான். தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போகவில்லையா என்று கேட்டேன். "மேஸ்திரி விடமாட்டார் சாஹிப். அப்பா வாங்கிய கடன் தீரவில்லை" என்றான். எவ்வளவு பாக்கி என்று கேட்டால், அவனுக்குத் தெரியவில்லை. எல்லாம் மேஸ்திரியின் நோட்டில் இருக்கிறதாம்.

நான் கன மீட்டர் கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அதன்படி அப்படிப்பட்ட கடன் செல்லாது. அப்பன் கடனுக்கு மகனைக் கட்டிவைக்க முடியாது. கலெக்டருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். நான் எழுதவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

"அவனாகத்தானே கைநீட்டி அட்வான்ஸ் வாங்கினான்?" என்பார்கள். நானும் வீடு கட்ட பாங்கில் கடன் வாங்கினேன். தவணை கட்டாவிட்டால் பாங்க் வீட்டை எடுத்துக்கொள்ளும். என்னை எடுத்துக்கொள்ள முடியாது. வேறு வேலைக்குப் போகாதே என்று தடுக்கவும் முடியாது. வேலையை விட்டுப் போக முடியாதவனைச் சுதந்திர மனிதன் என்று எப்படிச் சொல்வது? குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று 1982-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பசியும் ஒரு கட்டாயமே என்பதை நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள்.

குவாரி மட்டும் அல்ல. நம்மில் சிலர் ஊரிலிருந்து வீட்டு வேலைக்குப் பெண்களை அழைத்து வருகிறோம். அப்பாவிடம் முன்பணம் கொடுக்கிறோம். "எங்கள் வீட்டுப் பெண் மாதிரி" என்றும் சொல்கிறோம். ஆனால் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன் என்று அவள் கேட்டால், "முதலில் கணக்குத் தீரட்டும்" என்று பதில் வருகிறது. மேஸ்திரி சொன்னதும் இதுதானே?

நாளைக் காலை அவள் போகிறேன் என்றால், சேர வேண்டிய சம்பளத்தை எண்ணிக் கொடுத்து, டிக்கெட் எடுத்து ரயில் ஏற்றிவிடுவோமா? அடுத்த கூட்டத்தில் கொடி ஏற்றுவதற்கு முன் ஒவ்வொருவரும் இதை யோசித்துவிட்டு வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.