காதே பின்கண்ணாடி

மிதிவண்டியில் பெரும்பாலும் பின்பார்வைக் கண்ணாடி இருப்பதில்லை. பின்னால் வரும் வாகனத்தை நமக்கு முதலில் அறிவிப்பது காதுதான். அந்தக் காதை இயர்போனால் அடைத்துக்கொண்டு சாலையில் இறங்குவது முறையன்று என்பதே எங்கள் கருத்து.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், கையில் கைபேசியைப் பிடித்துப் பேசியபடி வாகனம் ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதலாகக் கொள்கிறது. மிதிவண்டி மோட்டார் வாகனம் அன்று; ஆகவே அப்பிரிவு நம்மைத் தொடாது. ஆயினும் விபத்து சட்டப்பிரிவைப் பார்த்து வருவதில்லை.

மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 5 மீட்டர் கடக்கிறோம். அழைப்பவர் பெயரைத் திரையில் பார்க்கும் 2 நொடிகளில் 10 மீட்டர் சாலையைப் பாராமலே கடந்துவிடுகிறோம். மின்சார வாகனங்களோ ஓசையின்றி நெருங்குகின்றன. காதை அடைக்காத எலும்புவழி ஒலிக்கருவிகள் ஓரளவு நல்லவை. எனினும் உரையாடலில் ஆழ்ந்த கவனத்தை அவை மீட்டுத் தாரா.

வங்கிப் பணியில் உள்ள நாங்கள் ஓர் உறுதி கூறுவோம்: எங்கள் அழைப்பு எதுவாயினும், தாங்கள் சாலையோரம் ஒதுங்கிக் காலூன்றி நிற்கும்வரை காத்திருக்கும். ‘இப்போதே ஓடிபி சொல்லுங்கள், இல்லையேல் கணக்கு முடங்கும்’ என்று விரட்டுபவர் வங்கியர் அல்லர், மோசடிக்காரர். ஓடும் வண்டியில் சிதறிய மனமே அவருக்கு எளிய இரை. நின்று பேசுவது உயிருக்கும் பணத்திற்கும் ஒருசேரக் காவல்.