மனு அல்ல, கேள்வி

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் சிலர், தாங்கள் எழுதிய எஸ்.ஓ.பி.யை, அதாவது நோக்க அறிக்கையை, என்னிடம் காட்டுகிறார்கள். பேங்க் கிளார்க், கவிதையும் எழுதுகிறவன், திருத்தித் தருவான் என்கிற நம்பிக்கை.

நான் பார்த்தவரை ரெண்டு வகை. ஒன்றில் முதல் வரி தொட்டுக் கடைசி வரி வரை ஒழுகும் கூரை, அப்பாவின் கூலி, பசி. இன்னொன்றில் சேரி என்ற சொல்லே கிடையாது. 'சிறு வயது முதலே ஆர்வம்' என்று யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வழவழப்பு. முதலாவது இரக்கத்துக்கு மனுப் போடுகிறது. ரெண்டாவது ஆளையே ஒளித்துவைக்கிறது. ரெண்டுமே ஆதிக்கம் நமக்குக் கத்துக்கொடுத்த பேச்சுதான்.

தேர்வுக்குழு கேட்பது வேற. உன் கேள்வி என்ன? அதுக்காக இதுவரை என்ன செய்தாய்? இந்தத் துறை ஏன்? 'எங்களுக்கு நிலமில்லை' என்பது ஒரு தகவல். 1892-ல் வெள்ளை அரசு ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலம் எங்கள் ஊரில் எப்படிக் கைமாறியது என்று கேட்டு, அதற்காகத் தாலுகா ஆபீசில் தேடிய பதிவேடுகளையும் சொன்னால், அங்கே ஓர் ஆய்வாளர் நிற்கிறார்.

1913-ல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போனார் அம்பேத்கர். 1916 மே 9-ல் அங்கே ஒரு மானுடவியல் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையை வாசித்தார். பட்ட அவமானங்களை அவர் அதில் பட்டியல் போடவில்லை. சாதி எப்படி உண்டானது, எப்படிப் பரவியது என்று கேட்டார். அகமணமுறையில் அதன் வேரைக் காட்டினார்.

மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையோ, 2022-ல் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளை விலக்கியது. அந்த விதிப்படி அம்பேத்கரின் தலைப்புக்கே காசு கிடையாது! நம் கண்ணீர் யாரையும் உறுத்துவதில்லை. கேள்விதான் உறுத்துகிறது.

ஆகவே தோழர்களே, வறுமையை மறைக்க வேண்டாம். கேள்வி எங்கிருந்து பிறந்தது என்று காட்ட ஒரு பத்தி போதும். மார்க் பட்டியலில் இருப்பதைத் திரும்ப எழுதாதீர்கள். அந்தத் துறையில் யாரைப் படித்தீர்கள், எதில் முரண்படுகிறீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் பெயரை எடுத்துவிட்டு இன்னொருத்தர் பெயரைப் போட்டாலும் பொருந்துகிறதா? கிழித்துப் போட்டுத் திரும்ப எழுதுங்கள்.

மேல்சாதி வீட்டில் இதைத் திருத்தித் தரப் பேராசிரியர் மாமாவே இருப்பார். நமக்கு நாம்தான். இடம் கிடைத்துப் போனவர்கள் தங்கள் அறிக்கையைப் பெட்டியில் பூட்டாமல், அடுத்து எழுதப்போகும் தம்பி தங்கைகள் கையில் கொடுங்கள்.