முட்டி மோதாமல் வென்றவர்கள்!

பாய்ந்து வரும் காளையை யாரும் நெஞ்சைக் கொடுத்துத் தடுப்பது இல்லை. சற்று விலகி நின்றால் போதும். காளை தன் வேகத்திலேயே தாண்டிப் போய்விடும்.

கால்பந்து ஆட்டமும் அப்படித்தான். எதிரியை விடாமல் துரத்தித் தடுக்கும் அணியை வெல்ல, அதைவிடப் பலசாலிகள் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஆட்களை நிறுத்தும் முறையை மாற்றியே வெல்லலாம். இதை ஹங்கேரி நாட்டு அணி உலகுக்குக் காட்டியது.

ஆளுக்கு ஆள் காவல்

1953-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி. லண்டன் வெம்பிளி மைதானம். சுமார் 1 லட்சம் பேர் கூடியிருந்தார்கள். அதுவரை ஐரோப்பாக் கண்டத்து அணி எதுவும் இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் தோற்கடித்தது இல்லை.

இங்கிலாந்தின் தடுப்பு முறை எளிமையானது. எதிரி அணியில் 9-ம் எண் சட்டை போட்டவர் 'சென்டர் பார்வர்டு'. அவர் கோலுக்கு நேர் எதிரே நிற்பார். இங்கிலாந்தின் 5-ம் எண் ஆட்டக்காரர் அவரை நிழல் போலத் தொடர்வார்.

ஹங்கேரியின் 9-ம் எண் சட்டையை அணிந்தவர் ஹிடெக்குட்டி. அவரோ முன்னால் நிற்கவில்லை. பின்வாங்கி, நடு மைதானத்துக்குப் போய்விட்டார்!

அவரைக் காவல் காக்க வேண்டியவர் ஹாரி ஜான்ஸ்டன். அவர் என்ன செய்வார், பாவம்! பின்னாலேயே போனால், கோல் பக்கம் திறந்து கிடக்கும். புஷ்காஷும் கோச்சிஷும் உள்ளே புகுந்துவிடுவார்கள். போகாமல் நின்றால், ஹிடெக்குட்டி தடை இல்லாமல் ஆடுவார். இரண்டும் ஆபத்து!

முதல் நிமிடத்திலேயே ஹிடெக்குட்டி கோல் போட்டார். 27 நிமிடத்துக்குள் ஹங்கேரிக்கு 4 கோல்! முடிவில் 6-3 என்று ஹங்கேரி வென்றது. ஹிடெக்குட்டி மட்டும் 3 கோல் போட்டார்.

திடீர் தந்திரம் அல்ல

இதை வெறும் ஏமாற்று வேலை என்று சொல்லக் கூடாது. புடாபெஸ்ட் நகரின் எம்.டி.கே. சங்கத்தில், பயிற்சியாளர் பூகோவி இந்த முறையை முன்பே வளர்த்திருந்தார். ஹிடெக்குட்டி அந்தச் சங்கத்தின் ஆட்டக்காரர். தேசிய அணியின் பயிற்சியாளர் செபெஷ் அதைத் தம் அணியிலும் கையாண்டார்.

ஒருவர் இடம் மாறினால், மற்ற 10 பேரும் அதை அறிந்து நகர வேண்டும். இல்லாவிட்டால், குழப்பம் எதிரிக்கு அல்ல, சொந்த அணிக்குத்தான்! புது முறையை விரும்பும் அணிகள் இதை மறக்கக் கூடாது.

ஜான்ஸ்டனைக் குறை சொல்வதிலும் நியாயம் இல்லை. குற்றம் காவல்காரர் மீது அல்ல. காவல் திட்டத்தின் மீதுதான். 1954-ம் ஆண்டு மே 23-ந் தேதி புடாபெஸ்டில் இரு அணிகளும் மீண்டும் மோதின. 7-1 என்று இங்கிலாந்து தோற்றது. 6 மாதம் இருந்தும் விடை காணாததுதான் பெரிய தவறு.

வெம்பிளியில் தோற்ற அணியில் ஆல்ப் ராம்சே என்பவரும் ஆடினார். 1966-ம் ஆண்டில் அவரே இங்கிலாந்து அணியின் மானேஜர். உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், ஓரமாக ஓடும் 'விங்கர்'கள் இல்லாமலே அணியை நிறுத்தினார். அதே வெம்பிளியில், மேற்கு ஜெர்மனியை 4-2 என்று வென்றார்!

பழக்கத்தை மாற்றத் துணிகிறவருக்கே கோல் வாசல் திறக்கிறது.